மாரியூர் சாலையில் பின்காற்று

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள். "நிரூபி" என்று சொல்லியே பதினெட்டு வருடம் ஓட்டியாகிவிட்டது. வீட்டில் என் மாமி எதற்கெடுத்தாலும் ஓதி ஊதிய தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டுவார், வாங்கிக் குடித்துவிடுவேன், தாகத்துக்கு. ஜின் என்று ஒரு படைப்பு உண்டு என்பது வேதத்தில் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது வேறு வேலை இல்லாமல் ராமநாதபுரம் மாவட்டத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு போகிற வருகிறவர்களிடம் விளையாடும் என்பதை நான் நம்பியதே இல்லை. ஆசிரியர்கள் அறையில் யாராவது பேய் பார்த்த கதையை ஆரம்பித்தால், எவ்வளவு தூரத்தில் பார்த்தீர்கள், மூக்குக்கண்ணாடி போட்டிருந்தீர்களா என்று கேட்டுக் கதையைக் கெடுக்கிறவள் நான்தான். அதனால் இப்போது நீங்கள் என்னை எந்தக் கண்ணால் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பாருங்கள், பரவாயில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் ஊரில் தை மாதத்தில் ஒரு சைக்கிள் ஓட்டம் நடத்துகிறார்கள். போட்டி இல்லை, பந்தயம் இல்லை, இருநூறு கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். காலை ஆறு மணிக்கு ராமநாதபுரத்தில் கிளம்பி, ராமேஸ்வரம் போய்த் திரும்பி, அப்படியே கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடி போய்த் திரும்பி, இரவு ஏழரைக்குள் கிளம்பின இடத்துக்கு வந்து சேர்ந்தால் கழுத்தில் ஒரு பதக்கம். முதல் வருடம் நானும் போனேன். நாற்பத்திரண்டு வயதில், முக்காட்டுக்கு மேல் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, தம்பி வாங்கிக் கொடுத்த கியர் சைக்கிளில். சாயல்குடியிலிருந்து திரும்பும்போது வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. நான் வந்து சேர்ந்தது ஏழு நாற்பத்தொன்றுக்கு. பதினோரு நிமிடம். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் கை தட்டினார், அதுவும் பாவம் பார்த்துத் தட்டியது.

என் கணவர் சவுதியில், தம்மாமில் இருக்கிறார். நல்ல மனிதர்தான், ஆனால் ஊரிலிருந்து ஆளாளுக்கு அவருக்குப் போன் போட்டு, உன் பெண்டாட்டி நடுரோட்டில் சைக்கிள் ஓட்டுகிறாள் என்று சொல்லிச் சொல்லி அவருக்கும் காது புளித்துவிட்டது. ஒருநாள் போனில் சொன்னார்.

"நசீமா, இன்னும் ஒரு வருஷம் ஓட்டு. முடிச்சிட்டா சந்தோசம். முடிக்கலைன்னா சைக்கிளை வித்துப்புட்டு வேற சோலியப் பாரு."

"சரி மச்சான்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆக, பயிற்சி எடுக்க வேண்டும். பயிற்சிக்கு முதல் தேவை ரோடு. சிரிக்காதீர்கள், இது சாதாரண விஷயமில்லை. ஒரு பெண் தனியாக எண்பது, நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பழகுவதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு தோதான ரோட்டைக் கண்டுபிடித்துப் பாருங்கள், அப்போது தெரியும். எனக்குத் துணை செல்வி. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ், என்னைவிட எட்டு வயது இளையவள், நயினார்கோவில் பக்கத்து விவசாயக் குடும்பம். இருவரும் சேர்ந்துதான் ஓட்ட ஆரம்பித்தோம். முதலில் அவள் ஊர்ப்பக்கமே போனோம், நிழல் உண்டு, லாரி கிடையாது. ஆனால் இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு சொந்தக்காரர் வழிமறித்தார். "ஏ செல்வி, இங்கன எங்கத்தா வந்த? பஸ்ஸு கெடைக்கலையா? இந்த டீச்சரம்மாவ ஏன் இப்படிப் போட்டு வதைக்கிற?" என்று கேட்டு, காப்பி குடிக்காமல் விடமாட்டார்கள். நாற்பது கிலோமீட்டருக்கு ஆறு காப்பி. மூன்றாவது வாரம் ஒரு கண்மாய்க்கரையில் நாய் ஒன்று குறுக்கே விழுந்து, செல்வி சைக்கிளோடு சாய்ந்து முழங்காலில் ஜவ்வு கிழிந்துவிட்டது. ஆறு மாதம் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவள் ஸ்கூட்டரில் என் பின்னாலேயே வருவாள், தண்ணீரையும் பஞ்சர் சாமானையும் வைத்துக்கொண்டு.

அடுத்து பாம்பன் பாலம். எங்கள் மாவட்டத்துக்கே மலை என்றால் அந்தப் பாலத்து ஏற்றம்தான். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, பத்துத் தடவை. ஆனால் பாதிப் பாலத்தில் சுற்றுலா வண்டிகள் நிற்கும், பக்கக்காற்று லாரியோடு கொண்டுபோய் ஒட்ட வைக்கப் பார்க்கும், ஒரு குடும்பம் என்னைக் கை காட்டி நிறுத்தி "எங்கள ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க மேடம்" என்றது. மூச்சு வாங்க எடுத்துக் கொடுத்தேன். எல்லோருக்கும் தலை வெட்டுப்பட்டிருக்கும்.

கடைசியாகத்தான் மேற்கே திரும்பினோம், சாயல்குடி ரோடு. அதுதான் நான் தோற்ற ரோடு, அதிலேயே பழகுவோம் என்று ஒரு வீம்பு. ரோடு நன்றாக இருக்கும், ஆனால் ஆடி மாதம், கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து மூஞ்சியில் அறையும். நிழல் கிடையாது. அதோடு, வெளியில் சொல்லக் கூச்சமாக இருக்கும் ஒரு பிரச்சினை, கழிப்பறை கிடையாது. ஆண்பிள்ளைகளுக்கு ரோட்டோரம் போதும். நாங்கள் என்ன செய்வது? தண்ணீரைக் குறைத்துக் குறைத்துக் குடித்து எனக்குத் தலைவலியே வந்துவிட்டது. செல்விதான் சொன்னாள், "எக்கா, மாரியூர்ப் பக்கம் உள்ள எறங்கிப் பாப்பம். கடக்கரையில வீடுக இருக்கும். பொம்பளையாளுக இருப்பாக."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிகாலை பஜ்ர் தொழுதுவிட்டுக் கிளம்பி, சாயல்குடிக்குக் கொஞ்சம் முன்னால் மாரியூர்ப் பிரிவில் திரும்பினோம். கடல் தெரிகிற இடத்துக்கு வந்ததும் மேற்கே ஒரு சின்னத் தார்ச்சாலை போனது. இரண்டு பக்கமும் பனை, பனைகளுக்கு நடுவே சீமைக்கருவேலம், போனில் பார்த்தால் அந்தச் சாலைக்குப் பெயர்கூட இல்லை. மணி ஒன்பது இருக்கும், நல்ல வெயில். காற்று நேர் எதிரே. நான் மணிக்குப் பதிமூன்று கிலோமீட்டர் வேகத்தில் செத்துக்கொண்டு போனேன்.

ஒரு சின்னப் பாலம், மதகு மாதிரி, அதைத் தாண்டினேன். அங்கேதான்.

கால் லேசானது. செயின் கழன்றுவிட்டதோ என்று கீழே குனிந்து பார்த்தேன், இல்லை, சுற்றுகிறது. மீட்டரைப் பார்த்தால் பத்தொன்பது, இருபத்திரண்டு, இருபத்தாறு. சரி, காற்று நின்றுவிட்டது என்று நினைத்து நிமிர்ந்தேன். முன்னால் பனையோலைகள் எல்லாம் என்னைப் பார்த்துத்தான் பறந்துகொண்டிருந்தன. ஓலைச் சத்தம் ஓவென்று கேட்கிறது. காற்று எதிரேதான் அடிக்கிறது. ஆனால் என் முக்காட்டின் நுனி, ஹெல்மெட்டுக்குக் கீழே தோளில் கிடக்குமே அந்த நுனி, அது என் கன்னத்தைத் தாண்டி முன்பக்கமாகப் பறந்தது. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், பனையோலை என்னைப் பார்த்து, என் துணி பனையைப் பார்த்து. என் முதுகில் மட்டும் காற்று.

பயமா? சத்தியமாக இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் சிரித்தேன். சின்னப் பிள்ளையில் இறக்கத்தில் சைக்கிளை விட்டுக் கால் இரண்டையும் விரித்துப் போவோமே, அந்தச் சிரிப்பு. ஆறு கிலோமீட்டர் அப்படியே போய், சாலை முடிகிற இடத்தில் நாலைந்து வீடுகளுக்கு முன்னால் பிரேக் பிடித்தேன். திரும்பிப் பார்த்தால் செல்வி தூரத்தில் வருகிறாள், ஸ்கூட்டரில் குனிந்து, துப்பட்டா பின்னால் படபடக்க.

"எக்கா! என்னக்கா இந்தப் போக்குப் போறீக! வண்டிய முறுக்கு முறுக்குன்னு முறுக்குறேன், காத்து விடமாட்டேங்குது. நீங்க மிதிச்ச மாதிரியே தெரியல."

இறங்கியதும் என் மணிக்கட்டைப் பிடித்தாள், நர்ஸ் புத்தி. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். முகம் ஒரு மாதிரி ஆனது. தன் கையைப் பிடித்துத் தனக்கும் எண்ணிக்கொண்டாள்.

"உங்களுக்கு எழுபத்தெட்டு. வண்டியில உக்காந்து வந்த எனக்கு நூறு. இது சரியில்லக்கா."

அந்த வீடுகளில் ஒன்றின் வாசலில் வலையை விரித்து ஒரு பெண் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும், பெயர் முனீஸ்வரி என்று பிறகு தெரிந்தது. அவளிடம் போய், இந்த ரோட்டில் காற்று ஒரு மாதிரி அடிக்கிறதே என்று நான்தான் கேட்டேன். அவள் மீனைத் திருப்பிப் போடுவதை நிறுத்தவில்லை.

"காத்துன்னா அப்படியும் இப்படியுந்தான் அடிக்கும் தாயி. சொல்லிக்கிட்டா அடிக்கும்? தண்ணி குடிக்கிறீகளா?"

செல்வி மெதுவாக வேறொன்றைக் கேட்டாள். "அந்தா, வீட்டுக்குப் பின்னால இருக்கு, போங்க. வாளியில தண்ணி கெடக்கும்" என்றாள் முனீஸ்வரி. சுத்தமான கழிப்பறை, உள்தாழ்ப்பாளோடு. ஆத்தாடி, அந்த நிமிடமே எங்கள் ஞாயிற்றுக்கிழமை ரோடு முடிவாகிவிட்டது. காற்றுக்காக அல்ல, அதற்காகத்தான் முடிவு செய்தோம் என்று சொன்னால் நீங்கள் இதையும் நம்பமாட்டீர்கள்.

திரும்பும்போது கச்சான் இயல்பாகவே முதுகில் அடித்தது. அதில் அதிசயம் இல்லை. அதனால் வீட்டுக்கு வந்து யோசித்து, வெயிலில் எனக்கு மூளை குழம்பியிருக்கும், செல்வி தப்பாக எண்ணியிருப்பாள் என்று முடிவுகட்டினேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. அடுத்த வாரம் ஒரு சிவப்பு ரிப்பனை வெட்டி ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டேன். செல்வி ஒரு கையில் போனைப் பிடித்து ஸ்கூட்டரில் பக்கத்திலேயே வந்தாள். மதகு வரைக்கும் ரிப்பனும் என்னைப் பார்த்துப் பறந்தது, முக்காடும் பின்னால் பறந்தது, சரி. மதகைத் தாண்டியதும் ரிப்பன் அப்படியே என்னைப் பார்த்துத்தான் பறக்கிறது. முக்காடு மட்டும் முன்னால் வந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. ஒரு முழத்துக்குள் காற்று எப்படித் திரும்பும்? செல்வி பக்கத்திலிருந்து, "முருகா, முருகா" என்றாள். நான் பிஸ்மில்லாஹ் சொன்னேன். கால் பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருந்தது.

அந்த வீடியோவை என் வகுப்பில் காட்டினேன். "டீச்சர், ரிவர்ஸ்ல ஓட விட்டிருக்கீங்க" என்றார்கள். என் கால் முன்னால்தானே மிதிக்கிறது, பக்கத்தில் மரம் பின்னால்தானே போகிறது என்றேன். "அப்ப எடிட்டிங் டீச்சர்." எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, நிரூபிக்கச் சொல்லிக் கேட்கிற பிள்ளைகளை வளர்த்து வைத்திருக்கிறேன்.

பிறகு எனக்கு ஓர் உறுத்தல் வந்தது. அந்த ஆறு கிலோமீட்டர் பயிற்சியே இல்லையே, சும்மா உட்கார்ந்து போகிற மாதிரிதானே, பரீட்சையில் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிற கதையாக அல்லவா இருக்கிறது. அதனால் ஒரு கணக்குப் போட்டேன். பெரிய ரோட்டில் எதிர்க்காற்றில் முழுக்க மிதித்துவிட்டு, கடைசியில் அந்தச் சாலைக்கு வருவது, ஒரு பரிசு மாதிரி. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று ஒரு ஞாயிறு விடவில்லை. மழை பெய்து ரோட்டில் தண்ணீர் நின்ற வாரம்கூடப் போனோம். போகிறபோதெல்லாம் முனீஸ்வரிக்கு நான் வீட்டிலிருந்து கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் போட்டுக் கிண்டின தொதல் கொண்டுபோவேன், அவள் கருவாடு கட்டிக் கொடுப்பாள். கார்த்திகையில் காற்று மாறி வாடை அடிக்க ஆரம்பித்தது. இப்போது திரும்பி வரும்போதுதான் எதிர்க்காற்று. அதற்கும் அந்தச் சாலை அசரவில்லை. போகும்போதும் பின்காற்று, வரும்போதும் பின்காற்று. மார்கழியில் ஒருநாள் முப்பத்தொன்று காட்டியது மீட்டர். இருபக்கமும் பனைகள் சரசரவென்று ஓட, நான் வாய்விட்டுக் கத்தினேன், ஒரு கணக்கு டீச்சர் கத்தக்கூடாத மாதிரி.

ஓட்டத்துக்கு முந்தின ஞாயிறு கடைசியாக ஒருமுறை போனோம். மதகைத் தாண்டினேன். வாடை இயல்பாக முதுகில் அடித்ததோடு சரி, அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வந்து மறுபடி தாண்டினேன். திரும்புகாலில் மற்ற ரோட்டில் போலவே வாடை மூஞ்சியில் அடித்தது, முக்காடு பின்னால் பறந்தது, சாதாரண ரோடு, சாதாரணக் காற்று. செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னக்கா, இந்நேரம் பாத்து…" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. போனால் போகட்டும், எனக்குக் கால் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு அந்த ஆறு கிலோமீட்டரையும் எதிர்க்காற்றில் மிதித்தேன். மீட்டர் இருபது காட்டியது. ஆடியில் அதே மாதிரிக் காற்றில் பதிமூன்றுக்குச் செத்தவள் நான். அப்போதுதான் எனக்கே உறைத்தது, நான் வேறு ஆளாகிவிட்டேன் என்று.

ஓட்டத்து அன்று காலை ஆறு மணிக்கு அறுபது பேர் போல நின்றோம், பெண்கள் மூன்று பேர். உதவிக்கு வருகிறவர்கள் பின்னால் வரக்கூடாது என்பது விதி, அதனால் செல்வி முடிவிடத்தில் காத்திருப்பதாக ஏற்பாடு. ராமேஸ்வரம் போகும்போது அக்காள்மடத்தில் பஞ்சர். டயரைக் கழற்றி, டியூப் மாற்றி, கை கறுப்பாகி, இருபத்தைந்து நிமிடம் போனது. சாயல்குடி போய், கிளம்பும்போது கொடுத்த அட்டையில் முத்திரை வாங்கும்போது மணி நாலு பத்து. இன்னும் நாற்பத்தைந்து கிலோமீட்டர், மூன்று மணி இருபது நிமிடம். முத்திரை குத்தியவர் நேரத்தைப் பார்த்துவிட்டு, "காத்து ஜாஸ்தியா இருக்கு மேடம். பாத்துப் போங்க" என்றார். முடியாது என்பதை மரியாதையாகச் சொன்னார்.

முதல் சில கிலோமீட்டர் நன்றாகத்தான் போனேன். பதினெட்டு, பத்தொன்பது. இப்படியே போனால் ஆறே முக்காலுக்கே போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். மாரியூர்ப் பிரிவில் ஒரு காலை ஊன்றித் தண்ணீர் குடித்தேன். ஒரு நிமிடம்கூட இருக்காது. மறுபடி மிதித்தால், கனம்.

எப்படிச் சொல்ல? டயரில் காற்று இறங்கிவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. இறங்கி அமுக்கிப் பார்த்தேன், கல் மாதிரி இருக்கிறது. பிரேக் கட்டை ரிம்மில் உரசுகிறதோ என்று பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டேன், அது பாட்டுக்குச் சுற்றுகிறது. ஏறி உட்கார்ந்தால் மறுபடி கனம். ஹேண்டில் முன்னால் லேசாகி இப்படியும் அப்படியும் ஆடுகிறது. பதினெட்டு போன இடத்தில் பதினாலுக்கு மேல் ஏறவில்லை. சரி, நூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்டின உடம்பு, கால் செத்துவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். வேறென்ன நினைக்க?

பதினாலு போதும். கணக்குப்படி பதினாலு போதும், ஆனால் பதிமூன்றரைக்குக் கீழே ஒரு நிமிடம் இறங்கக்கூடாது. ஏர்வாடியிலும் நிற்கவில்லை, கீழக்கரையிலும் நிற்கவில்லை. தாகம் தொண்டையைக் கிழித்தது. பொழுது சாய்ந்து விளக்கைப் போட்டேன். வாடையோடு மல்லுக்கட்டி, யா அல்லாஹ் யா அல்லாஹ் என்று ஒவ்வொரு மிதிக்கும் சொல்லி, தொடை இரண்டும் எரிந்து, முதுகு வில்லாக வளைந்து. கனம் குறையவே இல்லை. ஒரு கட்டத்தில் நான் அதனோடு பேச ஆரம்பித்துவிட்டேன். "வா, நீயும் வா, உன்னையும் சேத்தே இழுக்குறேன்" என்று காற்றைப் பார்த்தோ சைக்கிளைப் பார்த்தோ கத்தினேன். யாரைப் பார்த்துச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

ஏழு இருபத்தொன்றுக்குப் பந்தலுக்குள் நுழைந்தேன். ஒன்பது நிமிடம் மிச்சம்! செல்வி முழங்காலை மறந்து ஓடி வந்து, கட்டிப்பிடித்து, என்னையும் சைக்கிளையும் சேர்த்துக் கீழே தள்ளப் பார்த்தாள். இந்தத் தடவை பந்தல் முழுக்கக் கை தட்டினார்கள், பாவத்துக்கு அல்ல. பதக்கத்தை மாட்டியதும் தம்மாமுக்கு வீடியோ கால் போட்டாள் செல்வி. என் கணவர் அங்கே அறையில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு, "டேய், இங்க பாருங்கடா, என் வீட்டம்மா, இருநூறு கிலோமீட்டர்டா" என்று காட்டிக்கொண்டிருந்தார்.

"சைக்கிளை எப்ப விக்கிறது மச்சான்?" என்று கேட்டேன்.

"யாரு விக்கச் சொன்னா? எவன் சொன்னான்?" என்றார்.

அங்கேயே நின்று அடுத்த வருடத்து முந்நூறு கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்தேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் உங்களிடம் இதைச் சொல்லியே இருக்க மாட்டேன். மறுநாள் காலை துவைப்பதற்காக அந்தக் கறுப்பு டீ-ஷர்ட்டை எடுத்தேன். நீண்ட தூரம் ஓட்டினால் வேர்வை காய்ந்து உப்பாகும், கறுப்புத் துணியில் வெள்ளை வெள்ளையாக உப்பளம் மாதிரிப் படிந்திருக்கும், ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். முதுகு, தோள், இடுப்பு எல்லாம் உப்பு. இடுப்பில் மட்டும், இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக, இரண்டு இடங்களில் உப்பு இல்லை. சுத்தக் கறுப்பு. விரித்துப் பார்த்தேன். அது கை. உள்ளங்கை, ஐந்து விரல், ஓரம் கலையாமல் அச்சுப் போட்ட மாதிரி.

செல்வியை வரச் சொன்னேன். அவள் துணியைக் கட்டிலில் விரித்து, தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள், என் கையையும் வைக்கச் சொன்னாள். எங்கள் இருவர் கையையும்விட அது ஒடுக்கம், விரல் மட்டும் ஒரு கணு நீளம்.

"முதுகுல கைய வச்சுத் தள்ளுனா விரல் மேல பாத்து இருக்கும்க்கா" என்றாள், குரல் இறங்கிப்போய். "இது அப்படி இல்ல. கட்டவெரல் பின்பக்கம் இருக்கு. மத்த வெரலு முன்னால மடங்கியிருக்கு. இது பிடிச்சுக்கிட்டு உக்காந்த கை."

டபுள்ஸ். என் தங்கையைப் பின்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு மிதித்தவள்தானே நான், அந்த ஹேண்டில் ஆட்டமும் அந்தக் கனமும் எனக்குத் தெரியாமல் போனதே. என் சைக்கிளில் கேரியரே கிடையாது. பின்னால் உட்கார இடமே இல்லை. ஆனாலும் மாரியூர்ப் பிரிவிலிருந்து ராமநாதபுரம் வரை நாற்பது கிலோமீட்டர், வாடைக்கு எதிரே, நான் டபுள்ஸ் அடித்து வந்திருக்கிறேன், அதுவும் ஒன்பது நிமிடம் மிச்சம் வைத்து. சான்றிதழில் இதை எழுதித் தருவார்களா? சொல்லுங்கள். பயந்தாயா என்று கேட்கிறார்கள். அந்த டீ-ஷர்ட்டை நான் துவைக்கவில்லை, பீரோவில் மடித்து வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது பெருமைதான்.

ஒரே ஒரு விஷயம்தான். அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கால் நிற்கவில்லை, செல்விதான் சைக்கிளைத் தூக்கி நாலு படி ஏறி வீட்டுக்குள் வைத்தாள். தூக்கும்போது, "என்னக்கா, இம்புட்டுக் கனமா இருக்கு" என்றாள். முழங்கால் வலியில் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். மறுநாள் அவள் அந்தக் கையைப் பார்த்துவிட்டுப் போன பிறகு, கூடத்துக்குப் போய் நானே அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். எப்போதும் போல் லேசாகத்தான் இருந்தது.